‘ரைட்’ சொல்லக் கூடாத வளைவு

தகரத்தில் உள்ளங்கை பட்டு இரண்டு தட்டு. டப், டப். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு குரல்: “ரைட்டேய்!”

அடிவாரத்து டீக்கடையில் டம்ளரை வாயருகே கொண்டுபோன நான் அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். டீ சட்டையில் சிந்தியது. கடைக்காரர் சிரித்தார். “உக்காருங்க, அது உங்க வண்டி இல்லீங்க.”

உண்மைதான். ஐம்பதைத் தாண்டிய கையோடு கண்டக்டர் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். முட்டிக்குத்தான் விருப்பம், எனக்கில்லை. இன்றைக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால், ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஏன் ஓடவில்லை என்று உடம்பு கேட்கிறது. நின்றுகொண்டே தூங்கியவன், ஆடிக்கொண்டே சாப்பிட்டவன், வளைவில் சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கத்துச் செருப்பை மட்டும் தேய்த்தவன். அப்படிப்பட்டவனை நிலத்தில் நட்டுவைத்தால் வேர்விட நாளாகும்.

புதிதாகப் பை மாட்டியிருக்கும் கண்ணுகளா, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிக்கெட் கொடுக்க, ஸ்டேஜ் முடிக்க, செக்கிங் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் டிப்போவில் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். நாளெல்லாம் உங்கள் வாயில் கிடக்கப் போகிற சொல். நீங்கள் யோசிக்காமல் சொல்லப் போகிற சொல். யோசிக்காமல் சொல்வதால்தான் அதைப் பற்றி யாராவது ஒருமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். கொண்டுவந்தவர்களின் பங்களாக்கள் மலைமேல் ஓடு சரிந்து நிற்கின்றன. சொல் மட்டும் குழம்பில் விழுந்த உப்பு மாதிரி, இனித் தனியே எடுக்க முடியாதபடி கரைந்துவிட்டது. வண்டி கிளம்ப ரைட். பேச்சு முடிந்தால் “ரைட்டு”, கொஞ்சம் இழுத்து. “ரைட்டு, நா வரட்டுங்களா” என்றால் விடைபெறுகிறார். “ரைட்டு விடு” என்றால் மன்னிக்கவில்லை, மறந்துவிடப் பார்க்கிறார். “ரைட்டா?” என்றால் புரிந்ததா. “ரைட்டுங்களா?” என்றால் சம்மதமா. வாத்தியார் சிவப்பு மையில் போடுவது ரைட்டு. மணி ரைட்டா பத்து. மேனேஜர் லெஃப்ட் ரைட் வாங்கிவிட்டார் என்றால் அன்று யாருக்கோ செம திட்டு. சங்கத்துக்காரர் மேசையைத் தட்டி “அது நம்ம ரைட்டு” என்றால் உரிமை. “ரைட்ல ஒடி” என்றால் சோத்தாங்கைப் பக்கம். இத்தனையையும் ஒரே ஆள், ஒரே சீட்டில், சேலத்தில் ஏறி ஏற்காட்டில் இறங்குவதற்குள் பேசி முடித்துவிடுவார். ஒரு தடவைகூடக் குழம்ப மாட்டார்.

காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர், மகளின் பாடப் புத்தகத்தை வண்டியில் புரட்டிக்கொண்டே வந்தார். முதல் பக்கத்தில் எழுத்துக்கூட்டி “காப்பிரைட்” என்று படித்தவர் நிமிர்ந்து என்னிடம் சொன்னார்: “பாத்தீங்களா கண்டக்டரே, காப்பி சரியா இருக்குதுன்னு சர்க்காரே போட்டுட்டான். இந்த ஏவாரிதான் ஒத்துக்க மாட்டேங்கறான்.”

இன்னொரு தடவை, ஏரிக்கரை ஸ்டாப். பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் ஒன்று வண்டியில். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் முன்சீட்டில் உட்கார்ந்து, கல்யாணத்தை மலைமேல் வைப்பதா கீழே வைப்பதா என்று வழியெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்ற நேரத்தில் ஒருவருக்கு மனசு இறங்கிவிட்டது. சீட்டுக் கம்பியில் படீரென்று தட்டி, “ரைட்டுங்க! உங்க இஷ்டப்படியே வெச்சுக்கலாம்!” என்றார். வண்டி கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை கீழே சோடா குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலும் கையுமாக அவர் ஓடிவந்ததைப் பார்த்து அந்தப் பெண்ணின் அத்தை சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை: “பரவால்ல, ஓடியாராரு. புள்ளையக் காப்பாத்திருவாரு.”

நான் டிரைவர் அண்ணனிடம் போய், “நாஞ் சொல்லலீங்களே, ஏனுங்க எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார். “சொல்லு வந்துது கண்ணு. போனேன். யாரு சொன்னாங்கன்னு காலுக்கு எப்புடித் தெரியும்?”

அன்று எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த டிரைவர் அண்ணனின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், “எம் பேரு எதுக்குடா பேப்பர்ல” என்று நேரில் வந்து கேட்பார். மலை ரோட்டில் பல வருஷம் ஓட்டியவர். காதில் இன்ஜின் சத்தம் ஏறி ஏறி, சாதாரணப் பேச்சு அவருக்கு அரைகுறையாகத்தான் விழும். சாப்பிட்டீங்களா என்று இரண்டு தடவை கேட்க வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும், சந்தைக் கூச்சலுக்கு நடுவில் யார் முணுமுணுத்தாலும், நேராகக் காலுக்குப் போய்விடும். காதுக்கும் காலுக்கும் நடுவில் அவர் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மெயின் ரோட்டில் மரம் விழுந்து, எங்களைக் குப்பனூர் வழியாக ஏறச் சொன்னார்கள். மதியம் திரும்பிய நேரம். அந்த ரோடு அப்போது இப்போதிருக்கும் அகலம் இல்லை. ஒரு பஸ் போனால் ரோடு நிறைந்துவிடும். கீழே நல்ல வெயில். பாதி மலையில் மேகம் இறங்கி, வண்டிக்கு முன்னால் வெள்ளைத் துணி உலர்த்தின மாதிரி தொங்கியது. வண்டி நிறைய ஆட்கள். பாதிப்பேர் ஒரே எஸ்டேட்காரர்கள், கீழே ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள். கல்யாண வீட்டுச் சந்தன வாசனையும் வாழையிலை வாசனையும், இரண்டு பேர் வாந்தி எடுத்த வாசனையுமாக வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் பொன்னம்மா. காப்பிப் பழம் பறிக்கிற பெண். நாற்பது வயதிருக்கும். வாய்க்கு ஓய்வே கிடையாது. “ஏனுங்க கண்டக்டரே, டிக்கெட் குடுத்தா சிரிச்சுக் குடுக்கக் கூடாதுங்களா? பல்லு என்ன அரசாங்கச் சொத்தா?” என்று ஏறும்போதே ஆரம்பித்தவள்.

கடைசி சீட்டில், இடப்பக்க ஜன்னலோரம், ரைட்டர். இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு, வேலைக்கு வந்தவர்களைக் குறித்துக்கொள்கிறவரை இந்த மலையில் ரைட்டர் என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அது வேறு சொல்லாம். முன்னால் சத்தமில்லாத ஓர் எழுத்து நிற்குமாம். நம் காதில் அந்த எழுத்து விழுவதில்லை. டிரைவர் அண்ணன் காதில் சுத்தமாக விழாது. ரைட்டர் நல்ல கனமான மனிதர். சீட்டில் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதற்காக வழியெல்லாம் பக்கத்துக்காரரிடம் கூச்சப்பட்டுக்கொண்டே வருவார்.

ஒரு வளைவு தாண்டி ஏறும்போது மேகத்துக்குள்ளிருந்து மரலாரி ஒன்றின் மூக்கு முளைத்தது. இரண்டும் முட்டாமல் நின்றன. லாரிக்காரர் தலையை நீட்டி, “லோடுங்க, பின்னால போவாதுங்க” என்றார். நாங்கள்தான் பின்னால் இறங்கி வளைவிலிருந்த அகலத்துக்குப் போக வேண்டும். நான் இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் விசில் கொடுத்தேன். விட்டு விட்டு ஊதினால் வரலாம். நீட்டி ஊதினால் நில். எங்கள் இடப்பக்கம் பள்ளம். மேகம் மூடியதால் பள்ளம் தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

வண்டி மெல்ல இறங்கியது. நன்றாகத்தான் வந்தது. ரைட்டருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. உதவலாம் என்று ஜன்னல் கம்பிக்கு மேலாகத் தலையைத் தோள்வரை வெளியே நீட்டினார். ஓரத்து மரத்தின் கொம்பு ஒன்று அவர் தலைக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. நான் நீட்டி ஊதினேன். நில்.

அதே நொடியில் முன்சீட்டிலிருந்து பொன்னம்மா திரும்பிப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்: “ரைட்டரே! தலைய உள்ள இழுங்க!”

டிரைவர் அண்ணனின் காது முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. கால் போய்விட்டது.

ஒரு முழம்தான் வந்திருக்கும். அந்த ஒரு முழத்தில் இடது பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியது. மண் உதிர்ந்து கீழே போகும் சத்தம் கேட்டது. எங்கேயும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் உடம்பு முழுக்க, நாலைந்து வரிசை சீட்டோடு, மேகத்தின்மேல் இருந்தது. பின்படி வெள்ளையில் திறந்திருந்தது.

நான் சோத்தாங்கைப் பக்கமாகச் சுற்றி ஓடினேன். லாரிக்காரர் குதித்து வந்து மற்ற சக்கரங்களுக்குக் கல் போட ஆரம்பித்துவிட்டார். ஆனால் அந்த ரோட்டுக் கல் உருண்டைக் கல். பாரமான வண்டியை அது எத்தனை நேரம் தாங்கும்? வண்டிக்குள் கூச்சல். டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, வலது காலைப் பிரேக்கில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். தொடை நடுங்கியது. அந்த வண்டியின் கைப்பிரேக், கைப்பிரேக் எங்கே இருக்கும் என்று காட்டுவதற்கு மட்டும்தான் உதவும்.

“கண்ணு, கிட்ட வா” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “எல்லாரையும் எறக்கு. நா காலெடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. அந்தச் சொல்லு மட்டும் என் காதுல உழுகக் கூடாது. உழுந்தா இந்தக் காலு எம் பேச்சக் கேக்காது சாமி. இப்பப் பாத்தயல்ல?”

ஓட்டுகிறவர் தன் காலைப் பற்றி இப்படிச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இதை எழுத நான் மட்டும்தான் இருந்திருப்பேன்.

முன்படியில் ஏறி நின்று கை இரண்டையும் தூக்கினேன். “எல்லாருங் கேளுங்க. யாரும் அந்தச் சொல்லச் சொல்லக் கூடாது.”

“எந்தச் சொல்லுங்க?” என்றது ஒரு குரல்.

“நா வண்டி எடுக்கச் சொல்லுவனே, அதுங்க.”

“ஓ, ரை...”

பொன்னம்மா எட்டித் தன் முந்தானையை அந்த ஆள் வாயில் திணித்துவிட்டாள். டிரைவர் அண்ணனின் முட்டி ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது. வண்டி ஒரு முனகு முனகியது. அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணுகளா, பேசாதே என்றால் மனிதன் பேசாமல் இருந்துவிடுவான். ஒரு சொல்லை மட்டும் சொல்லாதே என்றால் வாய் முழுக்க அதுவே வந்து நிற்கும். அத்தனை பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “சரிங்க” என்று ஒருவர் சொன்னார், பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை இரவல் வாங்கின மாதிரி, பத்திரமாக. அவரைப் பார்த்து இன்னொருவர், “சரிங்க.” வரிசை வரிசையாக, மெதுவாக, “சரிங்க, சரிங்க.” சொந்தச் சொல்தான். ஆனால் பழக்கம் விட்டுப்போய், நாக்கில் வைத்து ருசி பார்ப்பது போலச் சொன்னார்கள்.

அடுத்து யாரை முதலில் இறக்குவது. படியருகில் நின்ற ஒருவர் ஒரு காலை ஏற்கனவே வெளியே வைத்துவிட்டார். “நா வாசல்லயேதான இருக்கறேன், எறங்கிக்கறனுங்க.”

எல்லாருக்கும் தோன்றுவது அதுதான். வாசலில் இருப்பவன் முதலில். ஆனால் வண்டி இப்போது தராசு. முன்னால் இருப்பவர்கள் இறங்க இறங்க, பின்னால் கனம் கூடும். அந்தரத்தில் இருப்பவர்கள் முன்னால் வந்த பிறகுதான், தரைமேல் இருப்பவர்கள் தரைக்கு இறங்கலாம். உயிர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

“அண்ணா, நீங்க எறங்கினா பின்னால இருக்கறவங்களும் எறங்கிருவாங்க, வேற பக்கமா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் திரும்பி மேகத்தைப் பார்த்தார். காலை உள்ளே எடுத்துவைத்து, பொன்னம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பொன்னம்மா, “நானும் நவுறலீங்க. நா ஒருத்தியே ரெண்டாளு வெயிட்டு. எங்கப்பன் ஊட்டுச் சோறு இன்னிக்கித்தான் வண்டிக்கு ஒதவுது” என்றாள். அந்த நேரத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பும் கனம்தான் என்பது போல உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

நெருக்கடியில் ஆளை ஓடவைக்க யாராலும் முடியும், ஒரு சத்தம் போதும். உட்காரவைக்கத்தான் நாம் வேண்டும். இதைத் தவிர வேறெதை மறந்தாலும் பரவாயில்லை.

பின்வரிசைகளிலிருந்து ஒவ்வொருவராக, சீட்டுக் கம்பிகளைப் பிடித்து, கூரைமேல் நடக்கும் பூனை மாதிரி வந்தார்கள். நான் கைகொடுத்து இறக்கினேன். பேச்சில்லை. செருப்புச் சத்தம்கூட இல்லை. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள், யாரும் சொல்லாமலே. நடு வரிசை வரைக்கும் காலியாயிற்று.

கடைசி சீட்டில் ரைட்டர் அப்படியே இருந்தார்.

ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடியிருந்தார். எட்டிப் பார்த்தவருக்கு நாங்கள் பார்க்காதது தெரிந்திருக்கிறது. வண்டியின் கனமான மனிதர், வண்டியின் கடைசி நுனியில். அவர் வராமல் முன்சீட்டு ஒன்றும் அசைய முடியாது. போய்க் கையைப் பிடித்து இழுத்துவரலாம் என்றால், போகிறவனின் கனமும் அங்கேதான் சேரும்.

“ஐயா” என்று கூப்பிட்டேன். அசையவில்லை. “அண்ணா, இங்க பாருங்க.” இல்லை. முன்சீட்டுக்காரர் ஒருவர் “பெரியவரே” என்றார். இன்னொருவர் “மாமா” என்றார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல அவர் கம்பியை இன்னும் இறுக்கினார்.

“பேரென்னங்க அவருக்கு?” என்று பொன்னம்மாவைக் கேட்டேன்.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன். “தெரியாதுங்களே” என்றாள், காற்றாக. “கல்யாணமாகி நா மலையேறுன நாள்ல இருந்து அவரு அதானுங்க. அவரு ஊட்டுக்காரம்மாகூட அதச் சொல்லித்தானுங்க கூப்புடும்.” எஸ்டேட்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் அத்தனை பேரின் பெயரையும் சத்தமாகக் கூப்பிடுகிற மனிதரை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவரையே கேட்கலாம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்லப் போகிற பதிலும் அதே சொல்தான் என்று எங்களுக்குத் தெரியும்.

“நாந்தானுங்க கத்துனேன்” என்றாள் பொன்னம்மா. “அவரு தலைக்கி அடிபடுமேன்னுதான்...”

“அது இருக்கட்டும். காத்தால உங்களயெல்லாம் எப்புடிங்க கூப்புடுவாரு?”

“பேரச் சொல்லித்தான். பொன்னம்மாம்பாரு. இருக்கேனுங்கம்பேன். நிமுந்து மொகத்தப் பாத்துட்டுத்தான் குறிப்பாரு. அதுல மட்டும் நொம்ப கண்டிசன், மொகம் பாக்காமக் குறிக்கவே...”

நிறுத்திவிட்டாள். நானும் அவளும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, மழைக்கால விடியலில் வரிசையில் நிற்பவள் குரலில், சத்தமாகச் சொன்னாள்: “பொன்னம்மா! இருக்கேனுங்க!”

ரைட்டரின் கண் திறந்துவிட்டது.

பயம் போய்த் திறக்கவில்லை. பயம் அப்படியே இருக்க, கண் மட்டும் திறந்தது. டிரைவர் அண்ணனின் காலைப் போலத்தான் அதுவும். நிமிர்ந்து, யார் என்று தேடியது.

“முனியம்மா, இருக்கேனுங்க!” என்றது இன்னொரு முன்சீட்டு. “சடையன், இருக்கேனுங்க!”

“இங்க வந்து மொகத்தப் பாத்துட்டுக் குறிங்க” என்றாள் பொன்னம்மா. “அங்கிருந்துட்டே குறிச்சா எப்புடிங்க? பொறவு வரலைன்னுருவீங்க, நாங்க யாருகிட்டப் போயி நிக்கறது?”

“ஒவ்வொருத்தரா... ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்றார் ரைட்டர். குரல் நடுங்கியது, ஆனாலும் அது காலைக் குரல்தான். கம்பியிலிருந்து ஒரு கை வந்தது. பிறகு இன்னொன்று. எழுந்தார். வண்டி முனகியது. முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, சட்டைப் பையில் பேனாவைத் தடவிக்கொண்டே, நடுவழியில் நடந்து வந்தார். பின்சக்கரத்தைத் தாண்டினார். வண்டி மூச்சை விட்டது போல ஒரு விரல்கடை நிமிர்ந்தது. அந்த நிமிர்வை உள்ளங்காலில் உணர்ந்தேன். இன்னும் அந்த இடம் குளிர்கிறது.

முன்னால் வந்து சேர்ந்ததும்தான் அவருக்கு எங்கிருந்து எங்கே வந்தோம் என்பது புரிந்தது. நிம்மதியில் முகமெல்லாம் விரிந்து, “அப்பாடா, ரை...” என்று ஆரம்பித்தார்.

பொன்னம்மா அவர் வாயை உள்ளங்கையால் பொத்திவிட்டாள். தன் ரைட்டரின் வாயை! அப்படியே பொத்தினபடி படியிறக்கி, ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, பிறகுதான் கையை எடுத்து, இரண்டடி தள்ளி நின்று தலையைக் குனிந்துகொண்டாள். ரைட்டர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “கையில என்ன, கல்யாணப் பூந்தியா?”

மிச்சமிருந்தவர்கள் இறங்கினார்கள். லாரிக்காரர்கள் இதற்குள் மலைப்பக்கத்துப் புதரை வெட்டி, லாரியின் இரண்டு சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கி ஒதுக்கிவிட்டிருந்தார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம். ரோட்டில் மனிதர்களுக்கு வரும் புத்தி எல்லாம் இரண்டாவதாகத்தான் வரும். அதற்காக யாரையும் திட்டாதீர்கள், நமக்கும் அப்படித்தான்.

கல் வைத்து முட்டுக்கொடுத்தாயிற்று. காலி வண்டி. டிரைவர் அண்ணனையும் இறங்கிவிடச் சொன்னேன். “எறங்கினா வண்டி எறங்கிரும்” என்றார். முதல் கியர் போட்டார். இன்ஜின் இரைந்தது. எல்லாரும் ரோட்டில் நின்றோம். அவர் கிளம்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது: காத்துக்கொண்டிருக்கிறார்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. அத்தனை நேரம் அடைத்து வைத்த சொல் ஆயிற்றே. பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, கையை மட்டும் தூக்கினேன்.

மலையே கத்தியது. “ரை...ட்!”

பொன்னம்மா, லாரிக்காரர், முந்தானையை வாயில் வாங்கியவர், ரைட்டர், எல்லாரும். அது வண்டிக்குச் சொன்ன ரைட்டா, சம்மதமா, எல்லாம் சரியாகிவிட்டது என்றா, இனி நாம் இருக்கிறோம் என்ற உரிமையா? பிரித்துச் சொல்ல என்னால் இன்றும் முடியாது. வண்டி ஒரு குதியில் ரோட்டுக்கு ஏறி வந்து, லாரியை உரசிக்கொண்டு மேலே போய் நின்றது. டிரைவர் அண்ணன் இறங்கினார், முன்சக்கரத்தில் சாய்ந்தார், காலை நீவிவிட்டுக்கொண்டார். “நல்ல காலுதான்” என்றார் அதனிடம்.

அதற்குப் பிறகு, நாங்கள் இருவரும் சேர்ந்து ஓடிய காலம் முழுக்க, பின்னால் எடுக்கும்போது வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். விசில் மட்டும். பக்கம் சொல்ல வேண்டுமானால் சோத்தாங்கை, பீச்சாங்கை. நீங்களும் உங்கள் டிரைவரோடு ஏறும் முதல் நாளே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். ஒரே சொல்லை இருவரும் சொல்லலாம். இருவருக்கும் அது ஒன்றுதானா என்று கேட்டுவைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வண்டியில் நாலு பேர் நாலு விதமாக அதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். உங்கள் வாயிலிருந்து வரும் ஒன்றை மட்டும், கையைப் பிடித்து ஒருவரைப் படியேற்றுகிற மாதிரி, பார்த்துக் கொடுங்கள்.

ஏற்காட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எஸ்டேட் கேட். மேகம் விலகி, இலைகளில் வெயில் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக ரைட்டர் படியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க கூப்புட்டது எல்லாமே கேட்டுதுங்க” என்றார். “ஐயான்னீங்க, அண்ணான்னீங்க. வேற யாரோன்னு இருந்துட்டேன்.”

“இனிமேலாச்சும் தெரிஞ்சு வெச்சுக்கறேன். உங்க பேரென்னங்க?”

அவர் இறங்கி, ரோட்டில் நின்று, கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்கே தேட வேண்டியிருந்தது. பிறகு வெட்கத்தோடு சிரித்தார்.

“பழனிவேலுங்க. ஆனா அதச் சொல்லிக் கூப்புட்றாதீங்க, நா திரும்பிப் பாக்க மாட்டேன்.”